ஃபுல் த்ரஸ்ட்: மேசைமேல் நடக்கும் விண்கப்பல் போர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேசையில் விரித்த கறுப்புத் துணி, ஆளுக்கு ஐந்தாறு சிறிய கப்பல்கள், ஓர் அளவுநாடா, ஒரு கைப்பிடிப் பகடைகள், காகிதம், பென்சில். இவற்றை வைத்துக்கொண்டு இரண்டு விண்படைகளை மோதவிடும் ஆட்டம்தான் ஃபுல் த்ரஸ்ட். இதைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு விதிகள் சற்று மாறியிருக்கின்றன. நான் சொல்பவை 1998-ல் வந்த முதல் படைநூலை (விண்படைகளின் கப்பல்களைத் தொகுத்துத் தரும் துணைநூல்) ஒட்டியவை.

யார் உருவாக்கிய ஆட்டம் இது? விதிநூல் எங்கே கிடைக்கும்?

உருவாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் டஃப்லி. அவருடைய கிரவுண்ட் ஜீரோ கேம்ஸ் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. பலரும் கையில் எடுப்பது 1992-ல் வந்த இரண்டாம் பதிப்பு. அடுத்த ஆண்டு ஒரு துணைநூல் வந்தது. 1998-ல் வந்த படைநூல், கப்பல் வடிவமைப்பு முறையையே புதிதாக எழுதியது. இந்தப் பழைய நூல்களை நிறுவனமே தன் இணையதளத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. பணம் செலவழிக்காமல் இன்றைக்கே தொடங்கலாம் என்பதால்தான் புதியவர்களுக்கு முதலில் இதைச் சொல்கிறேன்.

சதுரங்கம் போல மாறி மாறிக் காய் நகர்த்துவதா?

இல்லை. இந்த ஆட்டத்தின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரண்டு பேரும் தங்கள் கப்பல்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய ஆணையை, எதிராளி பார்க்காதபடி, தாளில் எழுதுகிறார்கள். எழுதி முடித்த பிறகு எல்லாக் கப்பல்களும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. எழுதியதை மாற்ற முடியாது. எதிராளி இப்போது எங்கே இருக்கிறார் என்பதை வைத்து எழுதினால் உங்கள் பீரங்கிகள் வெறும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் எங்கே போய் நிற்பார் என்பதை வைத்து எழுத வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு குரூசர்கள் (நடுத்தரப் போர்க்கப்பல்கள்) 44 அங்குல இடைவெளியில் நேருக்கு நேர் வருகின்றன. இரண்டின் வேகமும் 10, அதாவது சுற்றுக்கு 10 அங்குலம். உந்துதிறன் 4, அதாவது ஒரு சுற்றில் வேகத்தை 4 வரை கூட்டவோ குறைக்கவோ முடியும். என் கப்பலில் 36 அங்குலம் எட்டும் மூன்றாம் வகைக் கதிர்ப்பீரங்கி இருக்கிறது. எதிராளியிடம் இருப்பவை 24 அங்குலம் மட்டுமே எட்டும் இரண்டாம் வகைப் பீரங்கிகள். இருவரும் நேராக வந்தால் இடைவெளி 24 ஆகிவிடும், அவரும் என்னைச் சுடுவார். நான் 4 குறைத்து வேகத்தை 6 ஆக்கினால் இடைவெளி 28-ல் நிற்கும். நான் சுடலாம், அவரால் முடியாது. ஆனால் அவர் இதை ஊகித்து 4 கூட்டி 14-ல் வந்தால் இடைவெளி மறுபடியும் 24. என் தந்திரம் வீண். அதோடு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் நான், அடுத்த சுற்றில் அவர் பாய்ந்து பக்கவாட்டுக்கு வரும்போது விலகிச்செல்ல வேகமில்லாமல் மாட்டிக்கொள்வேன். அவர் வேகம் கூட்டுவார் என்று நானும் எதிர்பார்த்திருந்தால்? நானும் 14-க்கு ஏற்றியிருப்பேன். இடைவெளி 16-க்குச் சுருங்கும். அடுத்த சுற்றில் இருவரும் ஒருவரையொருவர் கடந்துவிடுவோம். அப்போது யார் சரியான நேரத்தில் திரும்புகிறாரோ அவர் மற்றவரின் வாலைப் பிடிப்பார்.

பகடை உருளுவதற்கு முன்பே இந்தப் போரில் பாதி முடிந்துவிடுகிறது. தோற்றவர்கள் பகடையைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஆணைத்தாளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அதில் எழுதியிருக்கும்.

ஆணையை எப்படி எழுதுவது?

கப்பலின் முகத்தைச் சுற்றி ஒரு கடிகார முகப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 12 திசைகள், ஒவ்வொன்றுக்கும் 30 பாகை. உந்துதிறன் 4 உள்ள கப்பல் ஒரு சுற்றில் வேகமாற்றம், திருப்பம் இரண்டுக்குமாக மொத்தம் 4 புள்ளி செலவழிக்கலாம். அதில் பாதிக்குமேல் திருப்பத்துக்குப் போகக்கூடாது. வேகம் 8-ல் போகும் கப்பலுக்கு "இடம் 2, கூட்டு 2" என்று எழுதினால் புது வேகம் 10. கப்பல் முதலில் இடப்பக்கம் ஒரு திசை திரும்பி 5 அங்குலம் போகும். நடுவழியில் இன்னொரு திசை திரும்பி மீதி 5 அங்குலம் போகும். ஒரே ஒரு திசை திரும்புவதாக இருந்தால் அந்தத் திருப்பம் நடுவழியில்தான் வரும்.

இந்த நடுவழித் திருப்பத்தைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். கப்பல் நேர்கோட்டில் போய்ச் சேராமல் வளைந்து போய்ச் சேர்கிறது. முதல் சில சுற்றுகளில் தாளிலேயே சின்னதாக ஒரு படம் வரைந்து பாருங்கள். அதன்பின் கண்ணே கணக்குப் போட்டுவிடும்.

கப்பலை நினைத்த இடத்தில் ஏன் நிறுத்த முடியவில்லை?

சென்ற சுற்றின் வேகம் இந்தச் சுற்றுக்கும் வந்துவிடுவதால். வேகம் 20, உந்துதிறன் 4 என்றால் நிற்பதற்கு மட்டும் 5 சுற்று ஆகும். வந்த வழியே திரும்புவது 6 திசைத் திருப்பம். உந்துதிறன் 4-க்கு 3 சுற்று, உந்துதிறன் 2 உள்ள பெரிய போர்க்கப்பலுக்கு 6 சுற்று. அதற்குள் அது மேசையின் மறுகோடிக்கே போயிருக்கும்.

எனவே வேகத்தைக் கடன் வாங்கிய பணம் போல நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது சுகம், பின்னால் ஒவ்வொரு சுற்றிலும் தவணை கட்ட வேண்டும். கனமான கப்பல்களுக்கு 6 முதல் 10 வரையிலான வேகமே கட்டுக்குள் இருக்கும். நாசகாரிகள் எனப்படும் சிறிய, வேகமான போர்க்கப்பல்கள் 15, 20 என்று பாயலாம், அவற்றால் திரும்ப முடியும்.

இயற்பியலின்படி இது சரியா?

முழுக்கச் சரியில்லை. உண்மையான விண்வெளியில் கப்பல் தன் மூக்கைத் திருப்பினாலும் பழைய திசையிலேயே நகர்ந்துகொண்டிருக்கும். மேலே சொன்ன முறை, திரைப்படங்களில் விண்கப்பல்கள் வளையும் அழகைக் கொண்டுவருவதற்காக எளிமையாக்கப்பட்டது. படைநூலில் திசையன் முறை ஒன்றும் இருக்கிறது. அதில் கப்பல் பார்க்கும் திசை வேறு, மிதந்து செல்லும் திசை வேறு. எதிரியைக் கடந்து போய்விட்டு, அப்படியே சுழன்று, பின்பக்கமாக நழுவிக்கொண்டே சுடலாம். அறிவியல்மேல் ஆர்வமுள்ளவர்கள் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும். ஆனால் முதல் ஆட்டத்திலேயே வேண்டாம்.

விண்வெளிக்கு மூன்று பரிமாணம் உண்டே, மேசை தட்டையாக இருக்கிறதே?

உயரத்தை ஃபுல் த்ரஸ்ட் கண்டுகொள்வதில்லை. இரண்டு கப்பல்கள் ஒரே இடத்துக்கு வந்தால் ஒன்று மேலே, மற்றது கீழே போனதாகக் கொள்ளலாம். உயரமும் வேண்டும் என்பவர்களுக்கு, கென் பர்ன்சைடு வடிவமைத்து ஆட் ஆஸ்ட்ரா கேம்ஸ் வெளியிட்ட 'அட்டாக் வெக்டர்: டாக்டிகல்' இருக்கிறது. அதில் கப்பலைச் சாய்த்து வைக்கத் தனிக் கட்டைகள் உண்டு, கணக்கும் அதிகம். நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு மாலைப்பொழுதில் இரண்டு படைகள் மோதி ஒரு முடிவு தெரிய வேண்டும் என்றால் தட்டை மேசைதான்.

சுடுவது எப்படி?

நகர்ந்து முடித்தபின் முதலில் போர்விமானங்களும் ஏவுகணைகளும் தாக்கும். அதன்பின் இருவரும் மாறி மாறி, ஒரு முறைக்கு ஒரு கப்பலாகச் சுடுகிறார்கள். சேதம் உடனே அமலுக்கு வருகிறது. சுற்றின் தொடக்கத்தில் போடும் முந்துரிமைப் பகடையில் வென்றவர்தான் முதலில் சுடுவார், அதனால் அந்தப் பகடைக்கு மதிப்பு அதிகம்.

கதிர்ப்பீரங்கிகளின் கணக்கு எளிது. முதல் வகைக்கு 12 அங்குலம்வரை ஒரு பகடை. இரண்டாம் வகைக்கு 12 வரை இரண்டு, 24 வரை ஒன்று. மூன்றாம் வகைக்கு 12 வரை மூன்று, 24 வரை இரண்டு, 36 வரை ஒன்று. பகடையில் 1, 2, 3 விழுந்தால் ஒன்றுமில்லை. 4, 5-க்கு ஒரு சேதம். 6-க்கு இரண்டு சேதம், அதோடு மறுபடியும் உருட்டலாம். சில கப்பல்களுக்குக் கதிர்களைத் தடுக்கும் தற்காப்புத் திரை உண்டு. முதல்நிலைத் திரை உள்ள கப்பல்மேல் 4 பலிக்காது. இரண்டாம்நிலைத் திரை 6-இன் சேதத்தையும் ஒன்றாகக் குறைத்துவிடும்.

20 அங்குலத்தில் ஒரு குரூசர் சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகை ஒன்று, இரண்டாம் வகை இரண்டு, மொத்தம் 4 பகடை. விழுந்தவை 6, 5, 4, 2. எதிரிக்கு முதல்நிலைத் திரை. 6-க்கு இரண்டு, 5-க்கு ஒன்று, 4 திரையில் நின்றது, 2 வீண். 6-க்காக மறுபடி உருட்டியதில் 4 விழுந்தது. மறுஉருட்டலைத் திரை தடுக்காது, அதனால் இன்னும் ஒன்று. ஆக 4 சேதம்.

மூன்று நிபந்தனைகளை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு பீரங்கியும் தனக்குரிய கோணத்துக்குள் மட்டுமே சுடும். பிரதான இயந்திரத்தை இயக்கிய சுற்றில் பின்பக்கம் சுட முடியாது. எத்தனை எதிரிகளைச் சுடலாம் என்பது, கப்பலில் எத்தனை இலக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. கருவிக்கு ஓர் இலக்கு.

கப்பல் சேதமடைந்தால் என்ன ஆகிறது?

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு படம் உண்டு. அதில் உடற்பெட்டிகள் நான்கு வரிசைகளில் இருக்கும். சேதத்துக்கு ஒரு பெட்டி என்று அடித்துக்கொண்டே வருவீர்கள். ஒரு வரிசை முடிந்த கணத்தில், கப்பலில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பகடை உருட்ட வேண்டும். முதல் வரிசை முடிவில் 6 விழுந்தால் அந்தக் கருவி செயலிழக்கும். இரண்டாம் வரிசையில் 5 அல்லது 6. மூன்றாம் வரிசையில் 4, 5, 6, அதாவது பாதிக்குப் பாதி. நான்காம் வரிசை முடிந்தால் கப்பல் இல்லை.

இதனால் எந்தக் கப்பலும் கடைசிவரை முழுபலத்தோடு நின்றுவிட்டுத் திடீரென்று மறைவதில்லை. ஒரே ஒரு இலக்குக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள நாசகாரியில் அது போய்விட்டால், பீரங்கிகள் அத்தனையும் நன்றாக இருந்தும் சுட முடியாது. பிரதான இயந்திரம் முதல்முறை அடிபட்டால் உந்துதிறன் பாதியாகும், இரண்டாம் முறை முழுக்க நின்றுவிடும். இயந்திரம் நின்றாலும் கப்பல் நிற்காது. கடைசியாக இருந்த வேகத்தில், கடைசியாக இருந்த திசையில், மேசையைத் தாண்டி மிதந்து போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் பழுதுநீக்கும் குழுவினர் ஒவ்வொரு சுற்றிலும் முயல்வார்கள். ஒரு குழு என்றால் 6 விழ வேண்டும், ஒரே கருவிமேல் மூன்று குழுக்கள் சேர்ந்தால் 4 போதும். பீரங்கியைச் சரிசெய்வதா, இயந்திரத்தைச் சரிசெய்வதா என்று முடிவெடுக்கும் அந்தச் சுற்றில் மேசையே அமைதியாகிவிடும்.

ஏவுகணை ஏன் எப்போதும் தவறிப்போகிறது?

அதை எதிரியைப் பார்த்து ஏவுவதில்லை, எதிரி வரப்போகும் இடத்தைப் பார்த்து ஏவுகிறீர்கள். ஆணை எழுதி முடித்த பிறகு, கப்பல்கள் நகர்வதற்கு முன்பு, 24 அங்குலத்துக்குள் ஏதாவது ஓர் இடத்தில் ஏவுகணைக் குறியை வைக்க வேண்டும். நகர்வு முடிந்ததும் அந்தக் குறியிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்கும் மிக அருகிலான கப்பலை அது தாக்கும். யாரும் இல்லையென்றால் போனது போனதுதான்.

வேகமான நாசகாரிமேல் ஏவுகணையை வீணாக்காதீர்கள். மெதுவான பெரிய கப்பல் எங்கே போகும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம், குறி அதுதான். மற்றவர் உங்கள்மேல் ஏவும்போது வேகமாற்றத்தில் ஒழுங்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று கூட்டு, மறுசுற்று குறை. அதோடு ஒரு சிறு துணைக்கப்பலைப் பெரிய கப்பலுக்கு முன்னால் ஓடவிட்டால் அருகிலான இலக்காக அது அடியை வாங்கிக்கொள்ளும்.

போர்விமானங்கள் அளவுக்கு மீறிய பலமா?

சிறு எண்ணிக்கையில் சரியாகவே இருக்கின்றன. ஆறு விமானங்கள் ஒரு குழு. ஆணை எழுதாமலே 24 அங்குலம் பறக்கும். ஒரு படையில் இரண்டு மூன்று குழுக்கள் இருந்தால், விமானங்களையும் ஏவுகணைகளையும் சுட்டு வீழ்த்தும் தற்காப்புத் துப்பாக்கிகளுக்கும் அவற்றுக்கும் நல்ல போட்டி. படை கட்டுவதற்கான புள்ளிகள் முழுவதையும் விமானந்தாங்கிகளில் கொட்டி, பத்துப் பன்னிரண்டு குழுக்களை ஒரே கப்பல்மேல் ஏவினால் எந்தத் தற்காப்பும் தாங்காது. ஆட்டமும் ருசிக்காது. எத்தனை குழுக்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் படையை எடுப்பது?

டஃப்லியின் கற்பனை உலகில் நான்கு பெரிய மனிதப் படைகள் இருக்கின்றன. புதிய ஆங்கிலியக் கூட்டமைப்பு எல்லாவற்றிலும் அளவோடு இருக்கும். நியூ ஸ்வாபியன் லீகின் கப்பல்கள் மெதுவானவை, கவசம் கனமானவை. ஐரோப்பியக் கூட்டரசு ஏவுகணைகளை நம்பும். யூரேசியச் சூரிய ஒன்றியம் கனத்த உடலும் நேரடிச் சூடும் கொண்டது. முதல் ஆட்டத்துக்கு ஆங்கிலியக் கூட்டமைப்பும் ஸ்வாபியன் லீகும் மோதட்டும். ஊகத்தில் தேறிய பிறகு ஐரோப்பியரிடம் போங்கள்.

என் சொந்தக் கப்பலை வடிவமைக்கலாமா?

தாராளமாக. எடை 30 உள்ள ஒரு நாசகாரியைக் கட்டிப் பார்ப்போம். உந்துதிறன் ஒவ்வொன்றுக்கும் எடையில் 5 விழுக்காடு வேண்டும், உந்துதிறன் 6 என்றால் எடை 9. ஒளியை மிஞ்சிப் பாயும் இயந்திரத்துக்கு 10 விழுக்காடு, அதாவது 3. நடுத்தர உடலுக்கு 30 விழுக்காடு, 9 பெட்டிகள். மீதி இருப்பது 9. அதில் இரண்டாம் வகைக் கதிர்ப்பீரங்கி இரண்டு (4), முதல் வகை இரண்டு (2), தற்காப்புத் துப்பாக்கி இரண்டு (2), இலக்குக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று (1). விலையைக் கூட்டினால் சரியாக 100 புள்ளி. வேகமும் பல்லும் உள்ள கப்பல். ஆனால் அந்த ஒற்றைக் கட்டுப்பாட்டுக் கருவி அதன் உயிர்நிலை. முதல் வகைப் பீரங்கி ஒன்றை எடுத்துவிட்டு இரண்டாவது கருவி வைப்பேன் நான், அதற்கு ஒரு புள்ளி கூடுதல்தான்.

மினியேச்சர் கப்பல்கள் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. தூரம், கோணம் எல்லாம் கப்பலைத் தாங்கும் தண்டின் மையத்திலிருந்து அளக்கப்படுகின்றன. கப்பலின் உருவம் எவ்வளவு பெரிது என்பது கணக்கில் வருவதே இல்லை. அட்டையில் அம்புக்குறி வரைந்து வெட்டி வைத்தாலும் ஆட்டம் ஒன்றுதான்.

ஆனால் கறுப்புத் துணிமேல் வண்ணம் பூசிய கப்பல்கள் அணிவகுத்து நிற்பதைப் பார்த்தவர்கள் அட்டைக்குத் திரும்புவது அரிது. வெள்ளீயக் கலவையில் வார்த்த கப்பல்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, வார்ப்பின் பிசிறுகளைச் சீவிவிடுங்கள். பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அடர்நிறம் பூசி, இடுக்குகளில் நீர்த்த கறுப்பு மையை ஓடவிட்டு, கடைசியில் ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளை வெளிர்நிறத்தில் உரசினால் போதும். மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகவும் வெளுத்தும் போகும். அந்த நாட்களில் பிரஷ்ஷால் பூசும் பிரைமரே மேல்.

மேசை சின்னதாக இருந்தால்?

அங்குலத்துக்குப் பதிலாக சென்டிமீட்டரில் அளங்கள். விதிகளில் எதையும் மாற்ற வேண்டாம். கப்பல் விளிம்பைத் தாண்டினால் எல்லாக் கப்பல்களையும் ஒரே அளவு எதிர்ப்பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளலாம், விண்வெளிக்கு விளிம்பு கிடையாது.

இதே போன்ற மற்ற ஆட்டங்களைவிட இது எப்படி?

கேம்ஸ் வொர்க்ஷாப் 1999-ல் வெளியிட்ட பேட்டில்ஃப்ளீட் கோத்திக், தேவாலயம் போன்ற பிரம்மாண்டக் கப்பல்கள் பக்கவாட்டுப் பீரங்கிகளால் மோதும் ஆட்டம். உருவ அழகில் அதற்கு இணை இல்லை. ஆனால் அதில் ஒருவர் முழுதாக நகர்த்திச் சுட்ட பிறகுதான் மற்றவர் முறை. 2015-ல் ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் கொண்டுவந்த ஸ்டார் வார்ஸ் ஆர்மடாவில் கப்பல்கள் வண்ணம் பூசியே வரும். பெரிய கப்பல்களுக்கு மூன்று சுற்றுகளுக்கான கட்டளைகளை முன்கூட்டியே கவிழ்த்து வைக்க வேண்டும் என்ற விதி நல்ல சிந்தனை. இருந்தாலும், எல்லாரும் எழுதி, எல்லாரும் ஒன்றாக நகரும் பதற்றம் ஃபுல் த்ரஸ்டில் கிடைப்பது போல அவற்றில் கிடைப்பதில்லை.

ஊகத்தை நம்பும் இந்த மரபு பழையது. பிரிட்டனின் ஃபிரெட் ஜேன் 1898-லேயே கடற்போர் ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளெட்சர் பிராட் வகுத்த ஆட்டத்தில் பகடையே கிடையாது. தரையில் கப்பல்களைப் பரப்பி, இலக்கு எவ்வளவு தூரம் என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதிவிட்டு, அதன்பின் நாடாவால் அளந்து பார்ப்பார்கள்.

முதல் ஆட்டத்தை எப்படி வைத்துக்கொள்வது?

ஆளுக்கு ஒரு குரூசர், இரண்டு நாசகாரி. கதிர்ப்பீரங்கியும் திரையும் மட்டும். தொடக்க வேகம் 6. இரண்டாம் ஆட்டத்தில் ஏவுகணை, மூன்றாவதில் விமானங்கள். ஆளுக்கு ஐந்தாறு கப்பல்கள் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆணை எழுத நேரக்கட்டுப்பாடு வையுங்கள். இல்லாவிட்டால் யோசிப்பவர் யோசித்துக்கொண்டே இருப்பார்.

தோற்கும் நிலையில் தப்பி ஓடலாமா?

ஓடலாம், ஓடத் தெரிந்தவர்தான் நல்ல தளபதி. ஒளியை மிஞ்சும் இயந்திரம் பழுதாகாமல் இருந்தால், பாயப்போவதை ஆணைத்தாளில் எழுத வேண்டும். ஆயத்தமாகும் அந்தச் சுற்று முழுதும் கப்பல் சுடவும் முடியாது, வேகத்தையோ திசையையோ மாற்றவும் முடியாது. அடுத்த சுற்றின் நடுவழியில் மறையும். அந்த ஒரு சுற்றைத் தாக்குப்பிடிக்க யாராவது இடையில் நிற்க வேண்டும். தொடர்போராக ஆடும்போது, நாசகாரிகள் இரண்டை நிறுத்திவிட்டுப் போர்க்கப்பலை மீட்பதா, எல்லாரும் சேர்ந்து நிற்பதா என்பதை மூன்றாம் வரிசைப் பெட்டிகள் அடிபடத் தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். அதற்குமேல் காத்திருந்தால், அந்த வரிசை முடியும்போது பாயும் இயந்திரம் செயலிழக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.